பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் விடுவது எப்படி

நூறு பக்கம் போல வாசித்து, நடுவில் ஒரு பஸ் டிக்கெட்டையோ மளிகை ரசீதையோ செருகி, தலைமாட்டில் வைத்த புத்தகம் ஒன்று உங்கள் வீட்டில் இருக்கிறதா? அதை வாசித்துக்கொண்டிருக்கிறேன் என்றும் சொல்ல முடியாது, விட்டுவிட்டேன் என்றும் சொல்ல மனசு வராது. ராத்திரி கையில் எடுக்கலாம் என்று நினைக்கும்போதே ஒரு சலிப்பு வரும், சரி நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று போனை எடுப்பீர்கள். வேறு ஒன்றைத் தொடங்கலாம் என்றால், இதை முடிக்காமல் அது எப்படி என்று ஒரு தயக்கம். இப்படியே ஒரு மாதம் போகும், இரண்டு மாதம் போகும். 'முன்னெல்லாம் நிறைய வாசிப்பேன், இப்போ பழக்கமே விட்டுப்போச்சு' என்கிற பலரிடம் கொஞ்சம் கிண்டிக் கேட்டுப் பாருங்கள், கடைசியில் இப்படி வழியை மறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு புத்தகம்தான் வெளியே வரும்.

பாதியில் விடுவது சரியா தப்பா என்ற வாதத்துக்குள் நான் அதிகம் போகப்போவதில்லை. நான் சொல்ல வருவது ஒன்றுதான்: விட்டால் முழுசாக விடுங்கள். எந்தப் பக்கத்தில் நிறுத்தினோம், எதனால் நிறுத்தினோம், திரும்ப வருவோமா மாட்டோமா என்பதெல்லாம் தெரிந்து விடுங்கள். தொங்கலில் நிற்கும் ஒரு புத்தகம் அடுத்த பத்துப் புத்தகங்களை உள்ளே வரவிடாது.

ஏன் மனசு வருவதில்லை

நமக்கு இது கொஞ்சம் கூடுதலாகவே கஷ்டம். காகிதத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வளர்ந்தவர்கள், சரஸ்வதி பூஜைக்குப் புத்தகங்களை அடுக்கிச் சந்தனம் குங்குமம் வைத்தவர்கள், ஒரு புத்தகத்தைப் 'போதும்' என்று மூடும்போது எழுதியவரையே அவமதித்துவிட்டதாக உணர்வது இயல்பு. அந்த மரியாதையை விடச் சொல்லவில்லை, எனக்கும் அது உண்டு. ஆனால் மனசு எங்கேயோ இருக்க, கண்ணை மட்டும் ஓட்டி 400 பக்கத்தைத் தள்ளி முடிப்பதில் எழுதியவருக்கு என்ன மரியாதை கிடைக்கப்போகிறது? அப்புறம் பள்ளிக்கூடப் பழக்கம் வேறு. போர்ஷன் முடிந்ததா என்ற கேள்வியோடு பன்னிரண்டு வருஷம் வாசித்த பிறகு, காசு கொடுத்துச் சந்தோஷத்துக்காக வாங்கிய நாவலையும் அதே கண்ணோடுதான் பார்க்கிறோம்.

பணம் பெரிய காரணம். 600 ரூபாய் கொடுத்து வாங்கிவிட்டோமே என்ற வருத்தம். இதைப் பற்றி 1985-ல் ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் ப்ளூமர் என்ற இருவர் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஒஹாயோ பல்கலைக்கழக நாடக அரங்கில் சீசன் டிக்கெட் வாங்க வந்தவர்களில் சிலருக்கு முழு விலையான 15 டாலருக்கே கொடுத்தார்கள், சிலருக்கு 2 டாலர் குறைத்தார்கள், சிலருக்கு 7 டாலர் குறைத்தார்கள். யாருக்கு என்ன விலை என்பதைக் குலுக்கல் முறையில்தான் முடிவுசெய்தார்கள், அதனால் நாடக ஆர்வத்தில் இவர்களுக்குள் வித்தியாசம் இருக்கக் காரணமில்லை. ஆனாலும் முழு விலை கொடுத்தவர்கள் சீசனின் முதல் பாதியில் மற்றவர்களைவிட அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். இரண்டாம் பாதியில் அந்த வித்தியாசம் கரைந்துபோனது. எனக்கு இதில் பிடித்தது அந்தப் பின்பாதிதான். கொடுத்த காசு உறுத்துவதெல்லாம் சில மாதத்துக்குத்தான். போன வாரம் வாங்கிய புத்தகத்தை விட முடியாமல் தவிக்கிறீர்கள், போன வருஷம் அதே விலைக்கு வாங்கி இன்னும் பிரிக்காத புத்தகம் ஒரு உறுத்தலும் இல்லாமல் அலமாரியில் நிற்கிறது. காசு போனது வாங்கிய அன்றைக்கு. இனிமேல் போகப்போவது உங்கள் ராத்திரிகள்.

இன்னொரு காரணம் பெரிய பெயர். எல்லாரும் மாஸ்டர்பீஸ் என்கிறார்கள், எனக்கு மட்டும் ஓடவில்லை என்றால் குறை என்னிடம்தானோ என்ற பயம். ஜோர்டன் எல்லன்பெர்க் என்ற கணிதப் பேராசிரியர் 2014-ல் ஒரு கணக்குப் போட்டார். கிண்டில் என்ற மின்நூல் கருவியில் ஒரு நூலில் வாசகர்கள் அதிகமாக அடிக்கோடிட்ட ஐந்து இடங்கள் எந்தெந்தப் பக்கத்தில் வருகின்றன என்று பார்த்து, அதன் சராசரி நூலின் எத்தனையாவது சதவீதத்தில் விழுகிறது என்று கணக்கிட்டார். எல்லாரும் கடைசி வரை வாசித்திருந்தால் அடிக்கோடுகள் நூல் முழுக்கப் பரவி இருக்கும், முதல் சில பக்கத்திலேயே குவிந்திருந்தால் ஆட்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள் என்று ஊகிக்கலாம். ஸ்டீபன் ஹாக்கிங் காலத்தைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற நூலுக்கு வந்தது 6.6 சதவீதம். இது விளையாட்டாகப் போட்ட கணக்கு, அறிவியல் ஆய்வு இல்லை என்று அவரே சொல்லிவிட்டார். இருந்தாலும் உலகமே வாங்கிய ஒரு புத்தகத்தை உலகமே முடிக்கவில்லை என்பது தெரிந்தால் கொஞ்சம் தைரியம் வருகிறது இல்லையா.

ஒரு எளிய கணக்கு நான் அடிக்கடி சொல்வது. மாதத்துக்கு ஒரு புத்தகம் முடிக்கிறவர் 35 வயதிலிருந்து 75 வயது வரை வாசித்தால் மொத்தம் 480. அவ்வளவுதான். கன்னிமாரா நூலகத்தில் ஒரே ஒரு அலமாரி வரிசைக்கு முன்னால் போய் நின்று பாருங்கள், 480 எவ்வளவு சின்ன எண் என்று புரியும். கல்விக்குக் கரை இல்லை, கற்பவருக்கு நாள் சில, நடுவில் நோயும் பல, அதனால் ஆராய்ந்து தகுந்ததை மட்டும் கற்க வேண்டும் என்று நாலடியார் சொல்வதும் இதே கணக்குத்தான்.

எத்தனை பக்கம் வரை பொறுப்பது

சியாட்டில் நகர நூலகராக இருந்த நான்சி பெர்ல் சொன்ன விதி உலகம் முழுக்கப் பிரபலம்: 50 பக்கம் வாசியுங்கள், பிடிக்கவில்லை என்றால் மூடிவிடுங்கள். உங்களுக்கு 50 வயது தாண்டிவிட்டதா, 100-லிருந்து வயதைக் கழித்து மிச்சம் எத்தனையோ அத்தனை பக்கம் போதும். 62 வயதுக்காரர் 38 பக்கம் வாசித்தால் போதும். வயசாக ஆகப் பொறுமை காட்ட வேண்டிய அவசியம் குறைகிறது என்பது எனக்கு மிகவும் நியாயமாகப் படுகிறது.

ஆனால் இதை அப்படியே தமிழ்ப் புத்தகங்களுக்குப் பொருத்தினால் சிக்கல் வரும். பதிப்புரை, அணிந்துரை, வாழ்த்துரை, முன்னுரை, என்னுரை, நன்றி என்று நூலுக்குள் நுழைவதற்கு முன்பே 30 பக்கம் போய்விடுகிற புத்தகங்கள் நம்மிடம் ஏராளம். அவை கணக்கில் சேராது. இன்னும் சொல்லப்போனால், நாவலுக்கு அணிந்துரையை முதலில் வாசிக்கவே வாசிக்காதீர்கள், கதை முழுவதையும் அதில் சொல்லிவிடுகிறார்கள். முதல் அத்தியாயத்தின் முதல் வரியில்தான் எண்ண ஆரம்பிக்க வேண்டும்.

800 பக்க நாவலில் 50 பக்கம் என்பது ஆறு சதவீதம் சொச்சம். அவ்வளவு பெரிய நாவல் எழுதுகிறவர் நிதானமாகத்தான் தொடங்குவார், ஊரையும் ஆட்களையும் கொண்டுவந்து நிறுத்தவே அவ்வளவு ஆகும். அதற்கு 100 பக்கம் கொடுக்கலாம். 120 பக்கக் குறுநாவலுக்கு 25 போதும். சிறுகதைத் தொகுப்பு என்றால் முதல் கதையை மட்டும் வாசித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். தலைப்புக் கதை ஒன்று, நடுவில் ஏதாவது ஒன்று, கடைசிக் கதை, இந்த மூன்றும் ஓடவில்லை என்றால் மூடலாம். கவிதைத் தொகுப்புக்கு இந்தக் கணக்கே வேண்டாம், அங்கங்கே பிரித்து வாசிப்பதுதான் அதற்கு வழி.

கட்டுரை, வரலாறு, அறிவியல் மாதிரி நூல்களுக்கு வேறு முறை. பொருளடக்கத்தைப் பார்த்து உங்களுக்கு ஏற்கெனவே கொஞ்சம் தெரிந்த விஷயத்தைப் பற்றிய அத்தியாயத்தை முதலில் வாசியுங்கள். உங்கள் ஊரைப் பற்றியோ, உங்கள் தொழிலைப் பற்றியோ, நீங்கள் நேரில் பார்த்த ஒரு காலத்தைப் பற்றியோ எழுதியிருந்தால் அதை. தெரிந்த இடத்திலேயே மேம்போக்காகவும் பிழையாகவும் எழுதியிருக்கிறவர், தெரியாத இடத்தில் மட்டும் சரியாக எழுதியிருப்பார் என்று நம்ப வேண்டியதில்லை. அந்த ஒரு அத்தியாயத்திலேயே முடிவெடுத்துவிடலாம்.

விடுவதற்கு முன் ஒரு சோதனை

இதுதான் முக்கியமான பகுதி, அவசரப்படாமல் செய்யுங்கள். புத்தகம் ஓடவில்லை என்றால் காரணம் புத்தகமாக இருக்கலாம், நீங்களாக இருக்கலாம், கையில் இருக்கும் பதிப்பாகவும் இருக்கலாம். எது என்று தெரியாமல் விட்டால் நல்ல புத்தகத்தை இழப்பீர்கள்.

முதலில் உங்களைப் பாருங்கள். ஏற்கெனவே வாசித்து ரசித்த புத்தகம் ஒன்றை எடுத்துப் பத்துப் பக்கம் வாசியுங்கள். அதுவும் ஏறவில்லை என்றால் பிரச்சினை இந்தப் புத்தகத்தில் இல்லை. அலுவலகக் களைப்பு, வீட்டுக் கவலை, தூக்கமின்மை, எதுவாகவும் இருக்கலாம். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும்: வெள்ளெழுத்து. பொறுமை போய்விட்டது, கவனம் சிதறுகிறது, செல்போன் நம்மைக் கெடுத்துவிட்டது என்றெல்லாம் வருத்தப்படுகிறவர்களில் சிலருக்குத் தேவைப்படுவது ஒரு வாசிப்புக் கண்ணாடிதான். புத்தகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் பிடிக்கிறீர்களா, வெளிச்சம் போதவில்லை என்று அடிக்கடி தோன்றுகிறதா, கண் டாக்டரைப் பார்த்துவிட்டு அப்புறம் புத்தகத்தைப் பற்றி முடிவெடுங்கள்.

அடுத்தது பதிப்பு. நாட்டுடைமையான எழுத்தாளர்களின் நூல்களைப் பல பதிப்பகங்கள் போடுகின்றன. ஒன்றில் பொடி எழுத்து, நெருக்கமான வரிகள், பக்கத்துக்குப் பக்கம் அச்சுப்பிழை, இன்னொன்றில் நல்ல எழுத்து, நல்ல இடைவெளி. ஒரே நாவல்தான், வாசிக்கிற அனுபவம் முழுக்க வேறாகிவிடும். மலிவுப் பதிப்பில் திணறியவர்கள் நூலகத்தில் இருக்கும் பழைய நல்ல பதிப்பை ஒரு தரம் புரட்டிப் பார்ப்பது நல்லது.

மொழிபெயர்ப்பு என்றால் சந்தேகம் முதலில் மொழிபெயர்ப்பின் மேல்தான் விழ வேண்டும். ஒரு வாக்கியத்தை இரண்டு தரம் வாசித்தும் யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று புரியவில்லை என்றால் அது மூல ஆசிரியரின் குற்றமாக இருக்க வாய்ப்புக் குறைவு. அதே நூலுக்கு வேறு தமிழ் மொழிபெயர்ப்பு இருக்கிறதா என்று பாருங்கள், ஆங்கிலம் வாசிக்க வருமென்றால் ஆங்கிலத்தில் முதல் அத்தியாயத்தை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். ரஷ்ய நாவல்களில் சிக்கல் பெரும்பாலும் பெயர்களில் இருக்கும். ஒரே ஆளுக்குச் சொந்தப் பெயர், தகப்பன் பெயரை ஒட்டிய பெயர், குடும்பப் பெயர், செல்லப் பெயர் என்று நாலு பெயர், ஒவ்வொருவரும் ஒவ்வொரு பெயரில் கூப்பிடுவார்கள். ஒரு துண்டுச் சீட்டில் யார் யார் என்று எழுதிப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டால் முப்பதாவது பக்கத்திலிருந்து நாவல் தானாக நகர ஆரம்பிக்கும். மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்தின் பழைய தமிழ்ப் புத்தகங்களை நியூ செஞ்சுரி கடைகளில் வாங்கி வளர்ந்த தலைமுறை இந்தச் சீட்டோடுதான் அவற்றை வாசித்தது என்று கேள்விப்பட்டிருக்கிறேன், எனக்கும் வேறு வழி தெரியவில்லை.

வட்டார வழக்கும் இப்படித்தான். கரிசல், நாஞ்சில், கொங்கு, ஈழத் தமிழ், எதுவானாலும் அந்த ஊர்ப் பேச்சோடு பழக்கமில்லாதவருக்கு முதல் இருபது முப்பது பக்கம் முட்டத்தான் செய்யும். கண்ணால் வாசிப்பதை நிறுத்திவிட்டு உரையாடல்களை மட்டும் வாய்விட்டு வாசியுங்கள். எழுத்தில் புரியாத சொல் காதில் விழும்போது பாதி புரிந்துவிடும். மிச்சத்துக்கு அகராதி இருக்கிறது, கரிசல் சொற்களுக்கென்றே கி. ராஜநாராயணன் ஒரு அகராதி தொகுத்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். ஒவ்வொரு சொல்லுக்கும் நிற்க வேண்டாம், அர்த்தம் மொத்தமாகத் தட்டும்போது மட்டும் பாருங்கள். வட்டார வழக்கு புரியவில்லை என்பதற்காக மட்டும் ஒரு நாவலை விடாதீர்கள் என்பது என் வேண்டுகோள், தமிழின் மிகச் சிறந்த சில பக்கங்கள் அங்கேதான் இருக்கின்றன.

தொடர்கதையாக வந்த நாவல்களுக்கு ஒரு தனிச் சோதனை உண்டு. கல்கி 'பொன்னியின் செல்வ'னை 1950 முதல் 1954 வரை வாரா வாரம் எழுதினார். ஒரு அத்தியாயம் வாசித்தவருக்கு அடுத்தது கிடைக்க ஏழு நாள் ஆனது. அதனால் முன்கதையை நினைவூட்ட வேண்டியிருந்தது, ஒவ்வொரு அத்தியாய முடிவிலும் ஒரு கொக்கி போட வேண்டியிருந்தது. இன்றைக்கு ஐந்து பாகத்தையும் செட்டாக வாங்கி ஒரே மூச்சில் ஓடுகிறவருக்கு அதே நினைவூட்டலும் அதே கொக்கியும் அலுப்பாகப் படும். வாரத்துக்கு ஒன்று வேண்டாம், தினமும் இரண்டு அத்தியாயத்தோடு நிறுத்திப் பாருங்கள். வேகத்தைக் குறைத்த பிறகும் சலித்தால், அது உங்களுக்கான நாவல் இல்லை, தாராளமாக விடலாம்.

இவ்வளவும் பார்த்தாயிற்று, இன்னும் ஓடவில்லை. இப்போது புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஒரு கேள்வி: இதில் எனக்கு அடுத்து என்ன தெரிய வேண்டும்? கதை என்றால், இந்த ஆட்களில் யாருக்கு என்ன ஆகும் என்று எனக்குக் கவலை இருக்கிறதா? கட்டுரை நூல் என்றால், போன அத்தியாயத்தில் தெரிந்துகொண்ட ஒரு விஷயத்தைப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல முடியுமா? பதில் வரவில்லை என்றால் முடிவு வந்துவிட்டது. இன்னும் எத்தனை பக்கம் இருக்கிறது என்று கடைசிப் பக்க எண்ணைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதும் நல்ல அடையாளம்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். சலிப்பு வேறு, தொந்தரவு வேறு. சாதிக் கொடுமையைப் பற்றியோ போரைப் பற்றியோ வாசிக்கும்போது மேலே போக முடியாமல் கீழே வைக்கிறோம், கோபம் வருகிறது, எழுதியவரோடு சண்டை போடத் தோன்றுகிறது. அது சலிப்பு இல்லை, புத்தகம் வேலை செய்கிறது என்று அர்த்தம். சலித்த புத்தகத்தை வைத்த மறுநிமிஷம் மறந்துவிடுவீர்கள், இது சமைக்கும்போதும் பஸ்ஸில் போகும்போதும் கூடவே வரும். அப்படி வருவதை விடாதீர்கள், மெதுவாக வாசியுங்கள். ஆனால் வீட்டில் ஒரு சாவு விழுந்த சமயத்தில் சாவைப் பற்றிய நாவல் தாங்க முடியவில்லை என்றால், யோசிக்கவே வேண்டாம், எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். அதற்கு எந்த விதியும் கிடையாது.

தாண்டி வாசிக்கலாம்

விடுவதற்கும் முடிப்பதற்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது, நம்மில் பலர் அதை அனுமதிக்கப்பட்ட வழியாகவே நினைப்பதில்லை. பிரெஞ்சு எழுத்தாளர் டேனியல் பென்னாக், நீண்ட காலம் பள்ளி ஆசிரியராக இருந்தவர், 1992-ல் வாசகருக்குப் பத்து உரிமைகள் உண்டு என்று பட்டியல் போட்டார். வாசிக்காமல் இருக்கும் உரிமை முதலாவது, பக்கங்களைத் தாண்டும் உரிமை இரண்டாவது, முடிக்காமல் விடும் உரிமை மூன்றாவது. தாண்டுவதை விடுவதற்கு முன்னால் வைத்தார் பாருங்கள், வரிசை சரியாக இருக்கிறது.

போர்க்கள வர்ணனை பத்துப் பக்கம் போகிறதா, தாண்டுங்கள். வரலாற்று நூலில் வம்சப் பட்டியலா, தாண்டுங்கள், தேவைப்பட்டால் திரும்பி வரலாம். முடிவு என்ன என்று மட்டும் தெரிய வேண்டுமென்றால் கடைசி அத்தியாயத்துக்கு நேராகப் போங்கள், யாரும் தடுக்கப்போவதில்லை. தேர்வுக்கோ வேலைக்கோ வாசித்தே தீர வேண்டிய நூலை விட முடியாது, ஆனால் அதையும் முதல் பக்கத்திலிருந்து உழ வேண்டியதில்லை. ஒவ்வொரு அத்தியாயத்தின் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் வாசித்து, தேவையான அத்தியாயத்தில் மட்டும் முழுசாக இறங்கினால் போதும்.

விடும் முறை

முடிவெடுத்த அன்றைக்கே செய்ய வேண்டிய வேலை இது, பத்து நிமிஷம்கூட ஆகாது.

செருகியிருக்கும் அடையாளத்தை எடுத்துவிடுங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் அந்த டிக்கெட் அங்கே இருக்கும்வரை நீங்கள் இன்னும் அந்தப் புத்தகத்துக்குக் கடன்பட்டவர் மாதிரியே இருப்பீர்கள். ஒரு நோட்டிலோ போனிலோ ஒரே ஒரு குறிப்பு எழுதுங்கள்: புத்தகத்தின் பெயர், நிறுத்திய பக்கம், தேதி, காரணம், 'பிறகு' அல்லது 'போதும்'. காரணத்தை 'போர்' என்று ஒரே சொல்லில் எழுதி முடிக்காமல் கொஞ்சம் குறிப்பாக எழுதுங்கள். 'எல்லாப் பாத்திரமும் ஆசிரியர் மாதிரியே பேசுகிறது', 'சொன்னதையே சொல்கிறார்', 'மொழிபெயர்ப்பு இடறுகிறது', 'இப்போதைக்கு இவ்வளவு கனம் வேண்டாம்'. இந்த வரி பின்னால் மிகவும் உதவும். வாசித்த புத்தகங்களைப் பட்டியலிடும் குட்ரீட்ஸ் இணையதளத்தைப் பயன்படுத்துகிறவர்கள் பாதியில் விட்டவற்றுக்கென்று தனி அடுக்கு ஒன்று உருவாக்கி அங்கே நகர்த்திவிடலாம், இல்லாவிட்டால் 'வாசித்துக்கொண்டிருப்பவை' பட்டியலில் அது வருஷக்கணக்கில் நின்று உறுத்தும்.

அப்புறம் புத்தகத்தைப் படுக்கைப் பக்கத்திலிருந்து அப்புறப்படுத்துங்கள். 'பிறகு' என்று எழுதியது அலமாரிக்குள் போகட்டும். 'போதும்' என்று எழுதியது வீட்டை விட்டே போகட்டும். நூலகப் புத்தகம் என்றால் தவணைத் தேதி வரை வைத்திருக்காமல் நாளைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், யாராவது அதைத் தேடிக்கொண்டிருப்பார்கள். சொந்தப் புத்தகம் என்றால் அதைக் கேட்கக்கூடிய ஒரு ஆளை யோசியுங்கள். சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-ல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பது. நான்காவது, வாசகரின் நேரத்தைக் காப்பாற்று. ஒரு புத்தகத்தை விட்டு இன்னொருவர் கையில் கொடுக்கும்போது இரண்டு விதியையும் ஒன்றாக நிறைவேற்றுகிறீர்கள். உங்களுக்கு ஓடாத விவசாய நாவல் மாமாவுக்கு ஓடும், உங்களுக்குச் சலித்த தத்துவம் கல்லூரிப் பையன் ஒருவனுக்குத் தேவைப்படும்.

ஆள் கிடைக்கவில்லை என்றால் பழைய புத்தகக் கடை இருக்கிறது. கிளை நூலகத்துக்கோ பள்ளிக்கோ கொடுப்பதென்றால் முதலில் கேட்டுவிட்டுக் கொடுங்கள், கிழிந்ததையும் காலாவதியான கைடுகளையும் கொண்டுபோய்த் தள்ளாதீர்கள். சென்னைப் புத்தகக் காட்சியில் சிறைத்துறை அரங்கு வைத்துச் சிறைவாசிகளுக்காகப் புத்தகங்களை நன்கொடையாக வாங்கியிருக்கிறார்கள், நல்ல நிலையில் இருக்கும் நாவல்களுக்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. எடைக்குப் போடுவது கடைசி வழி.

கடைசியாக, அன்றைக்கு ராத்திரியே வேறொரு புத்தகத்தைத் தொடங்குங்கள். இதைத் தள்ளிப்போட்டால் இவ்வளவு செய்தும் பிரயோஜனம் இல்லை, காலியான இடத்தில் போன் வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த அடுத்த புத்தகம் மெல்லியதாக இருக்கட்டும், நூற்றைம்பது பக்கத்துக்குள், நீங்கள் ஏற்கெனவே நம்பும் எழுத்தாளருடையதாக. பெரிய புத்தகத்தை விட்ட கையோடு இன்னொரு பெரிய புத்தகத்தில் இறங்க வேண்டாம்.

கொடுத்தவர் கேட்டால்

புத்தகத்தைவிட ஆட்கள்தான் சில சமயம் பெரிய தடை. கல்யாண நாளுக்கு அண்ணி கொடுத்தது, மேலதிகாரி 'வாசிச்சுட்டுச் சொல்லுங்க' என்று நீட்டியது. பொய் சொல்ல வேண்டாம், முடித்துவிட்டேன் என்று சொன்னால் அடுத்த கேள்வி கடைசி அத்தியாயத்தைப் பற்றித்தான் இருக்கும். எதுவரை போனீர்கள் என்பதைச் சொல்லி, பிடித்த ஒன்று இருந்தால் அதையும் சொல்லி, ஒரு கேள்வி கேளுங்கள். 'அண்ணி, எண்பது பக்கம் வரைக்கும் போனேன், அந்தப் பாட்டி வர்ற இடமெல்லாம் நல்லா இருந்துச்சு, அப்புறம் எனக்கு ஓடல. உங்களுக்கு எது பிடிச்சுது இதுல?' இப்படிக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அவர் சொல்லும் பதிலைக் கேட்டு நீங்கள் மறுபடி அதை எடுக்கவும் கூடும்.

தமிழில் இன்னொரு சங்கடம் உண்டு. எழுத்தாளர்கள் நமக்கு நண்பர்கள், பேஸ்புக்கில் இருக்கிறார்கள், வெளியீட்டு விழாவில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு இரண்டு வாரத்தில் 'வாசிச்சாச்சா?' என்று கேட்கிறார்கள். வாசித்த அளவுக்கு மட்டும் பேசுங்கள். பாதி வாசித்துவிட்டு முழு மதிப்புரை எழுதாதீர்கள், புகழ்ந்தும் எழுதாதீர்கள், திட்டியும் எழுதாதீர்கள். எங்கே நிறுத்தினேன், எதனால் நிறுத்தினேன் என்று சொல்லி எழுதினால் அது நேர்மையான குறிப்பு, எழுதியவருக்கும் பயன்படும். அதை மறைத்து ஒரு நட்சத்திரம் போடுவது அநியாயம், ஒருவர் பல வருஷம் உட்கார்ந்து எழுதிய உழைப்பு அது.

பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்கிறேன். 'எடுத்தா முடிக்கணும்' என்று கதைப் புத்தகத்தில் கண்டிப்புக் காட்டாதீர்கள். நூலகத்தில் ஐந்து எடுத்து நான்கைத் தள்ளிவிட்டு ஒன்றை மட்டும் நாலு தடவை வாசிக்கிற பிள்ளை சரியாகத்தான் வாசிக்கிறது. பெரியவர்கள் பாதியில் நிறுத்துவதை அவர்கள் பார்க்கட்டும், 'இது எனக்குப் பிடிக்கல கண்ணு, வேற எடுக்கப்போறேன்' என்று அவர்கள் காதுபடவே சொல்லலாம்.

திரும்ப எடுப்பது

வருஷத்துக்கு ஒரு தரம் அந்த நோட்டைப் பிரியுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு டிசம்பர் கடைசி வாரம் சரியான நேரம், பதிப்பாளர், விற்பனையாளர் சங்கமான பபாசியின் புத்தகக் காட்சி பெரும்பாலும் ஜனவரியில் வந்துவிடும், பத்து சதவீதத் தள்ளுபடியைப் பார்த்ததும் கை தானாக நீளும், அதற்கு முன்னால் வாசித்துவிட்டால் நல்லது. மற்ற ஊர்க்காரர்கள் அவரவர் மாவட்டப் புத்தகத் திருவிழாவுக்கு முந்தின வாரம் பார்த்துக்கொள்ளலாம்.

'பிறகு' என்று எழுதியவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, நிறுத்திய இடத்திலிருந்து தொடராமல் முதல் பக்கத்திலிருந்து இருபது பக்கம் வாசித்துப் பாருங்கள். சில புத்தகங்களுக்கு வயசு வேண்டியிருக்கிறது. இருபது வயதில் ஓடாத குடும்ப நாவல், நமக்கென்று ஒரு குடும்பமும் அதில் நாலு மனஸ்தாபமும் வந்த பிறகு வேறு மாதிரித் திறக்கும். இரண்டாவது தரமும் ஓடவில்லை என்றால் 'பிறகு' என்பதை அடித்துவிட்டுப் 'போதும்' என்று எழுதிவிடுங்கள், மூன்றாவது வாய்ப்பு வேண்டாம்.

காரணங்களை மட்டும் மேலிருந்து கீழே வாசித்தால் இன்னொன்றும் தெரியும். நாலைந்து இடத்தில் 'சொன்னதையே சொல்கிறார்' என்று இருந்து, அதில் மூன்று சுயமுன்னேற்ற நூல்களாக இருந்தால், அந்த வகையில் உங்களுக்கு ஒரு கட்டுரை அளவு போதும், 300 பக்கம் தேவையில்லை என்று புரிந்துகொள்ளலாம். 'மொழிபெயர்ப்பு இடறுகிறது' என்று அடிக்கடி வந்தால் இனி மொழிபெயர்ப்பாளர் பெயரைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். அரங்கில் நின்றுகொண்டு பின்னட்டையை வாசிப்பதை விட்டுவிட்டு ஐம்பதாவது பக்கத்தைப் பிரித்து இரண்டு பக்கம் வாசியுங்கள், முதல் பக்கத்தை எல்லாரும் மெனக்கெட்டுத்தான் எழுதியிருப்பார்கள். கிண்டிலில் வாங்குகிறவர்களுக்கு நூலின் தொடக்கப் பகுதி இலவச மாதிரியாகவே கிடைக்கிறது, அதை முடித்த பிறகும் அடுத்த பக்கம் வேண்டும் என்று தோன்றினால் மட்டும் வாங்கும் பட்டனைத் தொடுங்கள்.